பழைய கிட்டார் ஆம்ப் வாங்கப் போறீங்களா? ஒரிஜினலா, போலியா, நல்ல கண்டிஷனா... கண்டுபிடிப்பது எப்படி?

'1959 மார்ஷல் ஆம்ப், பக்கா ஒரிஜினல், சூப்பர் கண்டிஷன், உடனே வந்தால் விலை குறைக்கப்படும்.' ஆன்லைனில் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், கிட்டார் வாசிக்கும் யாருக்கும் மனசு துள்ளத்தான் செய்யும். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. 1959-ம் ஆண்டில் மார்ஷல் ஆம்ப் என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது!

லண்டனில் டிரம்ஸ் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷல், ஆம்ப்ளிஃபையர் தயாரிப்பில் இறங்கியதே 1962-ல்தான். '1959' என்பது ஆண்டு அல்ல. அந்த நிறுவனம் 1965-ல் கொண்டுவந்த 100 வாட் ஆம்ப்பின் மாடல் எண். விற்பவர் தெரியாமல் அப்படி எழுதியிருக்கலாம், தெரிந்தேகூட எழுதியிருக்கலாம். எப்படியிருந்தாலும் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

நஷ்டம் பணத்தோடு முடிந்தால்கூட பரவாயில்லை. சரியாகப் பராமரிக்காத பழைய ஆம்ப் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே, செகண்ட் ஹேண்ட் ஆம்ப் வாங்கும்போது மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். இது பாதுகாப்பானதா? விற்பவர் சொல்லும் பொருள்தானா? நன்றாக வேலை செய்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாதுகாப்பை ஏன் முதலில் பார்க்க வேண்டும்?

1972 மே 3-ம் தேதி, பிரிட்டனின் ஸ்வான்ஸி நகரில் 'ஸ்டோன் தி க்ரோஸ்' இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி மேடையிலேயே உயிரிழந்தார். 1976-ல் 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப், வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அங்கேயும் காரணம் எர்த் கோளாறுதான்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள், கேபிள் வழியாக ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. இந்தச் சட்டத்தைத்தான் 'சேஸி' என்கிறார்கள். ஆம்ப்புக்குள் மின்கசிவு ஏற்பட்டு, எர்த்தும் இல்லையென்றால், சேஸியில் ஏறும் மின்சாரம் நேராக கிட்டார் கம்பிக்கு வந்துவிடும். ஒரு கை கம்பியில் இருக்க, இன்னொரு கையோ உதடோ எர்த் ஆன மைக்கைத் தொட்டால், நடுவில் மனித உடம்புதான் ஒயர்!

எர்த் இருக்கிறதா? 2 நிமிட டெஸ்ட்

இதற்கு ஆம்ப்பைத் திறக்கவே வேண்டாம். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலில் ஆம்ப்பின் பிளக்கை சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மீட்டரை 'பீப்' சத்தம் தரும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, ஒரு முனையை பிளக்கின் எர்த் பின்னிலும், மறுமுனையை சேஸியின் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவிலும் வைக்க வேண்டும். நம்ம ஊர் மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த். பீப் சத்தம் வந்தால் எர்த் ஒயர் தொடர்பில் இருக்கிறது. வரவில்லை என்றால், அந்த ஆம்ப்பை ஆன் செய்து பார்க்கவே கூடாது.

1960-களில் வந்த அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில் எர்த் ஒயரே இல்லாத இரண்டு பின் பிளக்தான் இருக்கும். மெயின் கரன்ட்டுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டரும் வைத்திருப்பார்கள். அது பழுதாகி ஷார்ட் ஆனால் சேஸி முழுக்க கரன்ட் ஏறிவிடும். அதனால் மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'டெத் கேப்', அதாவது மரணக் கெப்பாசிட்டர். இதை நீக்கிவிட்டு மூன்று பின் ஒயர் போட்ட பழைய ஆம்ப் கிடைத்தால், 'ஒரிஜினாலிட்டி போச்சே' என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. முறையாகச் செய்திருந்தால் அது பிளஸ் பாயின்ட்தான்.

ஆம்ப்பில் எர்த் இருந்தும் வீட்டு சுவர் பாயின்ட்டில் இல்லையென்றால் பலன் கிடையாது. அதையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

வெளிநாட்டு ஆம்ப்பா? வோல்டேஜ் முக்கியம்

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. 'அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது' என்று ஒருவர் ஆம்ப் விற்றால், முதலில் பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது எனப் பார்க்க வேண்டும். 120 வோல்ட் ஆம்ப்பை அப்படியே நம்ம வீட்டு பிளக்கில் சொருகினால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம். டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து புகையலாம்.

இதற்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. ஆம்ப்பின் பின்னால் அது இழுக்கும் மின்சாரம் எத்தனை வாட் என்று குறிப்பிட்டிருக்கும். அதைவிட தாராளமாகத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மராக வாங்க வேண்டும். எர்த்தையும் கடத்தும் மாடல்தானா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பழைய மார்ஷல் ஆம்ப்கள் பலவற்றில் வோல்டேஜை மாற்றும் செலக்டர் பின்னாலேயே இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்த பிறகே பிளக்கைத் தொட வேண்டும்.

அப்படியே ஃபியூஸையும் பாருங்கள். எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும் என்று ஆம்ப்பின் பின்னாலேயே எழுதியிருக்கும். அதைவிடப் பெரிய ஃபியூஸ் இருந்தாலோ, சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளோ ஒயர் துண்டோ சுற்றியிருந்தாலோ, உள்ளே ஏதோ ஃபியூஸை அடிக்கடி எரிக்கிறது என்று அர்த்தம். கோளாறைச் சரிசெய்யாமல் எச்சரிக்கை மணியை மட்டும் அணைத்துவைத்திருக்கிறார்கள்.

ஆம்ப்பில் 'போலி' என்றால் என்ன?

கிட்டார் ஆம்ப் விஷயத்தில் மூன்று வகையான ஏமாற்று வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, மறுவெளியீட்டை பழைய ஒரிஜினல் என்று விற்பது. ஃபெண்டர் நிறுவனமே 1990-களிலிருந்து தன் பழைய மாடல்களை மறுபடி தயாரித்து விற்கிறது. அவற்றின் பெயரிலேயே '59, '65 என்று ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல ஆம்ப்கள்தான், ஆனால் 1965-ல் செய்தவை அல்ல.

இரண்டாவது, முகத்தை மாற்றுவது. ஃபெண்டரின் 1963 முதல் 1967 வரையிலான ஆம்ப்களில் முன்பக்கத் தகடு கருப்பு நிறம். 1968 முதல் வெள்ளி நிறம். கருப்புக்குத்தான் மார்க்கெட்டில் மவுசு அதிகம். எனவே, வெள்ளித் தகட்டைக் கழற்றி கருப்புத் தகட்டை மாட்டிவிடுவார்கள்.

மூன்றாவது, வேறு யாரோ செய்த நகல் ஆம்ப்பில் பிரபல நிறுவனத்தின் லோகோவை ஒட்டுவது. லோகோ, நாப், கைப்பிடி, முன்பக்கத் துணி, தகடு என எல்லாமே ஸ்பேர் பார்ட்ஸாக வெளிப்படையாகக் கிடைக்கின்றன. எனவே, முன்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது.

மாடல் எண்ணும் ஆண்டும் ஒன்றல்ல!

மார்ஷலில் 1959 மட்டும் குழப்பம் இல்லை. 1987 என்பது 50 வாட் ஆம்ப்பின் மாடல் எண். 1960 என்பது நான்கு ஸ்பீக்கர் கொண்ட கேபினட். 1962 என்பது 'ப்ளூஸ்பிரேக்கர்' என்று அழைக்கப்படும் மாடல். 'இது 1987-ல வந்த மார்ஷல் சார்' என்று ஒருவர் சொன்னால், எந்த இடத்தில் அந்த எண் எழுதியிருக்கிறது என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

உண்மையான ஆண்டைக் காட்டுவது சீரியல் எண். 1969 முதல் மார்ஷல் சீரியல் எண்ணோடு ஆண்டைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்து வரும். 'சி' என்றால் 1971, 'எச்' என்றால் 1976. 1990-களின் கடைசியிலிருந்து இன்னும் சுலபம். பார்கோடு ஸ்டிக்கரில் ஆண்டும் வாரமும் எண்ணாகவே இருக்கும்.

பாகங்களில் ஒளிந்திருக்கும் தேதி

ஸ்டிக்கரை அச்சடிக்கலாம். ஆனால், ஒரு ஆம்ப்புக்குள் இருக்கும் எல்லா பாகங்களின் தேதியையும் மாற்றுவது கஷ்டம். அமெரிக்க ஆம்ப்களில் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர், வால்யூம் கன்ட்ரோல் என ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளரையும் தேதியையும் சொல்லும் குறியீடு இருக்கும்.

உதாரணமாக, ஃபெண்டர் டிரான்ஸ்ஃபார்மரில் 606-6-35 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 606 என்பது ஷூமேக்கர் நிறுவனத்தின் எண். அடுத்த 6, ஆண்டின் கடைசி இலக்கம். 35 என்பது வாரம். அதாவது 1966-ம் ஆண்டின் 35-வது வாரம், ஆகஸ்ட் கடைசி. ஸ்பீக்கரில் 220 என்று தொடங்கினால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, 137 என்றால் சிடிஎஸ்.

இங்கே ஒரு கவனம் தேவை. ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் என்பதால், 6 என்பது 1966 ஆகவும் இருக்கலாம், 1976 ஆகவும் இருக்கலாம். ஒரு குறியீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஆம்ப்பைப் பூட்டும் நாளில் அதன் பாகங்கள் ஏற்கெனவே தயாராகி இருந்தாக வேண்டும். எனவே, பாகங்களின் தேதிகள் விற்பவர் சொல்லும் ஆண்டுக்குச் சற்று முன்னதாக, ஒன்றுக்கொன்று சில மாத இடைவெளியில் இருக்க வேண்டும். '1965 ஆம்ப்' என்று சொல்லும் பெட்டியில் எல்லா பாகங்களும் 1972 என்று சொன்னால், அது 1965 ஆம்ப் அல்ல.

டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் குறியீடுகளைப் பெரும்பாலும் பின்பக்கம் டார்ச் அடித்தே படித்துவிடலாம். வால்யூம் கன்ட்ரோலின் குறியீடு சேஸிக்குள்ளே இருக்கும். அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பாகம் மட்டும் புதிதாக இருந்தால்?

பயப்பட வேண்டாம். 50 வருட ஆம்ப்பில் ஸ்பீக்கர் கிழிந்து மாற்றியிருப்பது சகஜம். அது போலி அல்ல, ரிப்பேர். ஆனால், விலை குறைய வேண்டும். சேகரிப்பாளர்கள் ஒரிஜினல் ஸ்பீக்கருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் தனியாகவே பணம் கொடுக்கிறார்கள். 'எல்லாமே ஒரிஜினல்' என்று சொல்லி அந்த விலையைக் கேட்டுவிட்டு, மாற்றியதை மறைப்பதுதான் ஏமாற்று.

இதேபோல, சர்க்யூட் போர்டைப் பார்த்த உடனே 'டூப்ளிகேட்' என்று சொல்லிவிடவும் முடியாது. 1960-களின் ஃபெண்டர், மார்ஷல் ஆம்ப்களில் ஒயர்களைக் கையால் இணைத்திருப்பார்கள். அந்த ஆண்டைச் சொல்லும் ஆம்ப்பில் அச்சிட்ட சர்க்யூட் போர்டு இருந்தால் சந்தேகம் நியாயமானது. ஆனால், மார்ஷலே 1970-களின் நடுவில் அச்சிட்ட போர்டுக்கு மாறிவிட்டது. 1976 மார்ஷலில் அந்தப் போர்டு இருந்தால் அது ஒரிஜினல்தான்.

கண்டிஷன் செக்: 30 நிமிடம் ஒதுக்குங்கள்

விற்பவர் வீட்டுக்குப் போகும் முன்பே, 'நான் வர்ற வரைக்கும் ஆம்ப்பை ஆன் பண்ணாதீங்க' என்று சொல்லிவிடுங்கள். சில கோளாறுகள் குளிர்ந்த நிலையில் மட்டும் தெரியும். வேறு சில, சூடான பிறகே தலைகாட்டும். சொந்த கிட்டார், நல்ல கேபிள் இரண்டையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

1. கிட்டார் இணைக்காமல், வால்யூம் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் இருந்தால் ஒரு நிமிடம் கழித்து அதைப் போடுங்கள். லேசான 'ஸ்ஸ்' சத்தம் இயல்பு. வால்யூம் பூஜ்யத்திலும் 'ம்ம்ம்' என்று பலமாக முனகினால், மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன என்று சந்தேகிக்கலாம்.

2. எல்லா நாப்களையும் முழுசாகத் திருப்புங்கள். 'கர கர' சத்தம் பெரும்பாலும் தூசிதான். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் சரியாகும். சுத்தம் செய்தும் போகாத சத்தம் என்றால், உள்ளே ஒரு கெப்பாசிட்டர் கசியலாம்.

3. கிட்டாரை இணைத்து, எல்லா இன்புட், சேனல், ஸ்விட்ச்களையும் பயன்படுத்துங்கள். ஸ்பிரிங் ரிவெர்ப் இருந்தால் அதையும் கேளுங்கள்.

4. இரைச்சல் வந்தால் கிட்டாரின் வால்யூமைக் குறையுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் பிரச்னை ஆம்ப்பில் இல்லை. டியூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர்கூட காரணமாக இருக்கலாம்.

5. குறைந்தது அரை மணி நேரம் வாசியுங்கள். போகப் போக சத்தம் குறைவது, விட்டு விட்டு வருவது, கருகிய வாடை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அணைத்துவிடுங்கள்.

வால்வு ஆம்ப்பில் கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்?

பழைய ரேடியோவில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள்தான் வால்வு. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், மார்ஷல் 1959 எல்லாம் இவற்றில்தான் ஓடுகின்றன. ஆன் ஆனதும் உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் தெரிவது இயல்பு. கண்ணாடியில் நீல ஒளி படிவதும் பெரும்பாலும் இயல்பு. ஆனால், உள்ளே இருக்கும் பெரிய உலோகத் தகடே சிவப்பாகப் பழுத்தால் அந்த நொடியே அணைக்க வேண்டும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது என்று அர்த்தம்.

வால்வின் உச்சியில் வெள்ளிப் பூச்சு போல ஒன்று தெரியும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு அவுட். பென்சிலால் மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடிப்பதுபோல எதிரொலித்தால் அந்த வால்வு தளர்ந்துவிட்டது. வால்வு என்பது வண்டிக்கு டயர் மாதிரி. தேய்வதும் மாற்றுவதும் வழக்கம்தான். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.

'பழைய மல்லார்ட் வால்வு போட்டிருக்கு' என்று கூடுதல் விலை கேட்டால் உஷார். இன்று மல்லார்ட் பெயரில் விற்கும் புதிய வால்வுகள் ரஷ்யாவில் தயாராகின்றன. பெயர் ஒன்றுதான், பிரிட்டனில் தயாரான பழைய வால்வு வேறு.

இன்னொரு முக்கியமான விஷயம். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது. விலை உயர்ந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோக வாய்ப்பு இருக்கிறது. ஸ்பீக்கரின் ஓம்ஸ் அளவும் ஆம்ப்பில் குறித்திருக்கும் அளவும் பொருந்த வேண்டும்.

ஸ்பீக்கர் எப்படி இருக்கிறது?

கிழிசல், ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை நான்கு விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்தும்போது உரசும் சத்தம் வந்தால் காயில் பழுது. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால், 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் சுமார் 6 முதல் 7 காட்டும். 16 ஓம்ஸ் என்றால் 12-13. எதுவுமே காட்டாவிட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது.

வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால்?

இவற்றில் கோளாறுகள் பெரும்பாலும் ஜாக்குகளிலும் ஸ்விட்ச்களிலும்தான். உதாரணத்துக்கு, 1975-ல் அறிமுகமாகி இன்றும் மேடைகளில் பார்க்கக்கூடிய ரோலண்ட் ஜேசி-120. இதில் இரண்டு ஸ்பீக்கர், இரண்டு தனித்தனி 60 வாட் ஆம்ப். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் சத்தம் வரும் என்பதால் பலர் ஏமாறுவது இங்கேதான். ஒவ்வொரு ஸ்பீக்கர் அருகிலும் காதை வைத்துக் கேட்க வேண்டும்.

பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் இருக்கும் ஆம்ப்களில் சத்தம் விட்டு விட்டு வந்தால், 'சென்ட்' ஜாக்கிலிருந்து 'ரிட்டர்ன்' ஜாக்குக்கு ஒரு சின்ன கேபிளை இணைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால், ஜாக்கின் உள் தொடர்பு அழுக்கேறியிருக்கிறது. செலவு குறைந்த ரிப்பேர்தான்.

நாமே திறந்து பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். வால்வு ஆம்ப்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அந்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பழகிய மெக்கானிக்குகளே முதலில் அதை வடித்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். யூடியூப் வீடியோ பார்த்துத் திறக்கும் வேலை அல்ல இது. விலை அதிகம் என்றால், வால்வு ஆம்ப் தெரிந்த மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப்போவதே லாபம்.

நேரில் போகும் முன் கேட்க வேண்டிய போட்டோக்கள்

பின்பக்கம் முழுசாக, சீரியல் எண் க்ளோஸ் அப்பில், வோல்டேஜ் எழுதிய இடம், பிளக், டிரான்ஸ்ஃபார்மர் எண்கள், ஸ்பீக்கரின் பின்பக்கம். இந்த ஆறு போட்டோக்களையும் கேளுங்கள். கூடவே பழைய பில், சர்வீஸ் பில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். சீரியல் எண்ணைச் சுரண்டியிருந்தால் அது திருட்டுப் பொருளாக இருக்கக்கூடும். தெரிந்தே வாங்குவது சட்டப்படி குற்றம்.

விற்பவர் சொல்லும் ஆண்டு தவறு என்பதாலேயே ஆம்ப்பை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. '1959' என்று விளம்பரத்தில் வந்தது 1976-ல் செய்த நல்ல மார்ஷலாக இருந்தால், 1976-க்கான விலையைப் பேசி வாங்கலாம். பாகம் மாறியிருந்தால் விலையைக் குறைக்கலாம். வால்வு தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். எர்த் டெஸ்ட்டில் பீப் சத்தம் வராத ஆம்ப்பை மட்டும், விற்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும், மெக்கானிக் பார்த்துச் சரிசெய்யும் வரை பிளக்கில் சொருகாதீர்கள்.